உரம் படாத பாதி

பின்கதவைத் திறந்தால் தோட்டம் இருக்க வேண்டும். சான் மே திறந்தாள். தண்ணீர்தான் இருந்தது.

இடுப்பில் கூடையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். தூக்கக் கலக்கத்தில் வேறு யார் வீட்டுக் கதவையோ திறந்துவிட்டோமா என்றுகூடத் தோன்றியது. வீட்டைத் தாங்கும் மூங்கில் கால்கள், படியில் கட்டிய படகு, பனிமூட்டத்துக்குள் எதிர்வீட்டுத் தகரக் கூரை, எல்லாம் அவள் தினமும் பார்க்கிறவைதான். சமையல்கட்டில் நின்று கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பதினைந்து வருஷமாக மிதந்துகொண்டிருந்த தக்காளிப் பாத்தியை மட்டும் காணோம். அதைச் சேற்றோடு குத்தி நிறுத்தியிருந்த கழிகளையும் காணோம். அந்த இடத்தில் இரண்டு வாத்துகள் சொந்தம் கொண்டாடி நீந்திக்கொண்டிருந்தன.

"தீரி அப்பா!"

அவள் போட்ட சத்தத்தில் வாத்துகள் பறந்துபோயின.

ஞோ டூன் உடனே வரவில்லை. இந்தச் சத்தம் எப்போது வரும் என்று நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காத்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். இருபது நாளுக்குப் பிறகு மனைவி கர்ப்பிணி மகளையும் அழைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்கியபோது, வழக்கமில்லாத வழக்கமாக வெந்நீர் போட்டு வைத்திருந்தார். பாயைத் தட்டிப் போட்டார். பின்கதவுப் பக்கம் மட்டும் யாரையும் போகவிடவில்லை. மகள் வாந்தி எடுத்த களேபரத்தில் சான் மேக்கும் அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லை.

வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கியபடி வந்து அவள் பின்னால் நின்றார்.

"இழுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"யாரு?"

"தெக்குக் கோடி டே யின் அக்கா ஆளுங்க."

"அவங்களுக்கு நீங்க வித்தது கடைசியில கிடக்கிற கிழட்டுப் பாத்தியை. இதை எதுக்கு இழுத்துட்டுப் போனாங்க?"

"சிவப்புத் துணி கட்டின கழி எங்கே இருக்கோ அந்தப் பாத்தின்னு சொல்லியிருந்தேன்."

"சரி."

"அந்தக் கிழட்டுப் பாத்தியில நான் கட்டின கந்தல் மழையில வெளுத்துப் போச்சு."

"சரி."

"நீ மகளைப் பார்க்க ஓடுறப்போ உன் தலைத்துணியைத் துவைச்சு இந்தக் கழியில காயப் போட்டுட்டுப் போயிட்டே. பளபளன்னு சிவப்பு."

போட்டவள் அவள்தான். தீரிக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்த அன்று, கையில் இருந்ததை அப்படியே கழியில் வீசிவிட்டுப் படகில் ஏறியது நினைவுக்கு வந்தது.

"நீங்க எங்கே போயிருந்தீங்க?"

"அஞ்சு நாளைக்கு ஒரு தடவை கூடுற சந்தைக்கு. வந்து பார்க்கிறேன், இடம் காலி."

"சமையல்கட்டு வாசல்ல இருக்கிற பாத்தியை எவனாவது விப்பானான்னு அந்தப் பயலுகளுக்குத் தோணலையா?"

"விக்கிறவன் பைத்தியக்காரன்னு நினைச்சிருப்பானுங்க."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இன்லே ஏரியில் பாத்தி கைமாறுவது ஒன்றும் அதிசயமில்லை. நீர்ப்பூண்டும் வேரும் பின்னிக் கிடக்கிற மிதவையை அறுத்து, மூன்று படகு பூட்டி இழுத்துப்போய், வாங்கியவர் வாசலில் குத்திக்கொள்வார்கள். செடி காயோடு போகும். தவளை, பாம்பு இருந்தால் அவையும் சேர்ந்து போகும். ஆனால் ஒரு பாத்திக்குப் பதிலாக இன்னொன்று போனது அவளுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அதற்குக் கொடி பிடித்து வழிகாட்டியது அவளுடைய தலைத்துணி.

"போய்ச் சொல்லி மாத்திட்டு வர வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கிறது? இழுத்துட்டுப் போய்க் கழியும் குத்தியாச்சு. ஊர் சிரிக்கும். விடு மே. உன் பாத்தியில நாலு சுருங்கின காய். நம்மகிட்டப் பதினோரு பாத்தி பழுத்துக் கிடக்கு. தக்காளிக்கா பஞ்சம்?"

உள்ளேயிருந்து தீரியின் குரல் வந்தது. நூல்போல வந்தது.

"அம்மா... பறிச்சிட்டியா?"

சான் மே கணவரைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

*

தீரிக்கு ஏழாம் மாதம். கட்டிக் கொடுத்தது மேற்குக் கரையில். மாப்பிள்ளை சாலை வேலைக்கு டவுங்ஜிப் பக்கம் போயிருந்தான். சோற்றைக் கண்டால் குமட்டல், மீன் வாசம் வந்தால் மயக்கம் என்று ஆறு மாதத்தையும் ஓட்டிவிட்டாள். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அது வயிற்றில் அரை மணி நேரம்கூடத் தங்குவதில்லை. "நாலு வாரம் பார்ப்பேன். ஏறலைன்னா டவுங்ஜி ஆஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்தணும். இப்படியே வலி வந்துச்சுன்னா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஏதாவது ஒண்ணு, எதுவானாலும், அவ வயித்துல தங்குறதைக் கண்டுபிடிங்க" என்று சான் மேயின் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள்.

அந்த ஒன்றைத் தீரியே சொன்னாள். நம் சமையல்கட்டு வாசல் தக்காளி. வரிவரியாக, கோணல்மாணலாக, உள்ளங்கையில் இரண்டு அடங்குகிற பழம். கடித்தால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் லேசாக உப்பு. படகில் வரும் வழியெல்லாம் சான் மே அதையே சொல்லி மகளைத் தேற்றிக்கொண்டு வந்தாள். இதோ வந்தாச்சு, காலையில் எழுந்ததும் பறிச்சுத் தர்றேன், கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி.

இப்போது பறிப்பதற்கு வாத்துகூட இல்லை.

ஞோ டூன் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஓடிப்போய்த் தன் பாத்தியிலிருந்து கூடை நிறையப் பறித்து வந்தார். ஒவ்வொன்றும் குழந்தை முஷ்டி அளவு. வழவழவென்று, ஒரு புள்ளி ஒரு கீறல் இல்லாமல், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பியதுபோல. வாரம் தவறாமல் வெள்ளைக் குருணை உரத்தை வீசி வளர்த்தது. யாங்கோன் வரைக்கும் லாரியில் குலுங்கிப் போனாலும் நசுங்காது. அந்தப் பழம்தான் வீட்டுக்குத் தகரம் போட்டது, தீரியின் கல்யாணத்தையும் நடத்தியது. அதைக் குறை சொல்ல சான் மேக்கும் மனசு வராது. ஆனாலும் தன் ஒரு பாத்திக்கு மட்டும் அந்த உர மூட்டையை அவள் அண்டவிட்டதில்லை. ஏரிப்பாசி, அடிச்சேறு, அடுப்புச் சாம்பல், மீன் கழுவின தண்ணீர். அவ்வளவுதான். "மே பாத்திக்குச் சாப்பாடு போடுறா, நான் மருந்து போடுறேன்" என்று ஞோ டூனே கிண்டல் செய்வார்.

சான் மே பழத்தை அரிந்தாள். வெங்காயம், வறுத்து இடித்த நிலக்கடலை, எள்ளு, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசைந்து கிண்ணத்தில் வைத்தாள். தீரி ஆசையாகத்தான் வாங்கினாள். இரண்டு வாய். மூன்றாவது வாய்க்கு ஜன்னலுக்கு ஓடினாள்.

முகத்தைத் துடைத்துவிட்டபோது மகள் அழுதுகொண்டே சொன்னாள்.

"தண்ணி மாதிரி இருக்கும்மா. கடலை ருசி இருக்கு, எள்ளு ருசி இருக்கு. தக்காளியைத்தான் காணோம்."

ஞோ டூனுக்குச் சுருக்கென்றது. "அது விதைக் குணம். இது கம்பெனி விதை. அம்மாவோடது பழைய நாட்டு விதை. ருசி விதையிலதான் இருக்கு. இரு, உனக்கு அதே விதையில தர்றேன். மூணாம் பாத்தியில ஒரு வரிசை அம்மா விதையை நட்டு வெச்சிருக்கேன்."

போனார், வந்தார். வரிவரியாக அதே பழம், கொஞ்சம் பருத்திருந்தது. சான் மேக்குக்கூட நம்பிக்கை வந்தது. தீரி ஒன்றை அப்படியே கடித்தாள். மெதுவாக மென்றாள். பிறகு மீதியைத் தட்டில் வைத்தாள்.

"உருவம் அதுதான்ப்பா. உள்ளே ஆள் இல்லை."

அவர் அந்த மீதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நெடுநேரம் மென்றார். முப்பது வருஷமாகத் தக்காளி வளர்க்கிற மனுஷன், தக்காளியை நின்று நிதானமாகத் தின்று எத்தனை வருஷமோ.

"குளிர் அதிகம் இந்த வருஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

*

மறுநாள் சான் மே தனியாகத் தெற்குக் கோடிக்குப் படகைத் தள்ளினாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும் என்பார். மகள் பிழைத்துக் கிடந்தால் ஊர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்கு இருந்தது.

பனி விலகச் சூரியன் மேலே வர வேண்டியிருந்தது. வாய்க்காலின் இரண்டு பக்கமும் பாத்திகள். பாசி வாருகிறவர்கள் நீளக் கழியைத் தண்ணீருக்குள் விட்டுத் திரித்துத் திரித்து, கழி முனையில் சுற்றிக்கொண்ட பச்சைப் பொதியைத் தம் பிடித்துத் தூக்கிப் படகில் சரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு இந்த நேரத்துக்கு நாற்பது படகு பாசி வாரும். இப்போது அவள் எண்ணியது ஆறு. மூட்டையைப் பிரித்து வீசினால் முதுகு வலிக்காதே.

டே யின் அக்கா தன் வாசல் பலகையில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது, தனிக்கட்டை. அவள் நாக்குக்குப் பயந்து மீன்கூட அந்தப் பக்கம் வராது என்று சொல்லுவார்கள். பக்கத்தில் சான் மேயின் பாத்தி. அதன் கழியில் சான் மேயின் தலைத்துணி, காற்றில் ஜோராக ஆடிக்கொண்டிருந்தது.

"வா வா. துணியை எடுத்துட்டுப் போக வந்தியா?" என்றாள் டே யின்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"பாத்தி வந்த அன்னைக்கே தெரியும். கிழட்டுப் பாத்தின்னு விலை பேசினா, அடி கனமா, செடி தெம்பா ஒண்ணு வந்து நிக்குது. கழியில பொம்பளைத் தலைத்துணி. உன் புருஷன் வருவான், பல்லைக் காட்டிக் கேப்பான்னு பார்த்தேன். பதினேழு நாளாச்சு. ரோஷக்காரன் வரலை. நானும் ரோஷக்காரி, கூப்பிட்டுச் சொல்லலை."

"நான் பாத்தியைக் கேக்க வரலைக்கா."

"பின்னே?"

சான் மே செடிகளின் பக்கம் திரும்பினாள். அவள் கண் பாத்தியில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. தெற்குப் பாதியில் இலைகள் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று, காய்கள் புடைத்துக்கொண்டு. வடக்குப் பாதி அவள் விட்டுப்போனபடியே, வெளிர்ப் பச்சையாக, பழம் சின்னதாக. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"உரம் போட்டீங்களா அக்கா?"

"ரெண்டு தடவை. பாதிக்குத்தான் இருந்துச்சு. நாளைக்கு மூட்டை வருது, மீதிக்கும் போட்டுருவேன். ஏன் மூஞ்சி செத்துப் போச்சு உனக்கு?"

அவ்வளவுதான். சான் மே படகில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மகளின் ரத்தம், மாத்திரை, நாலு வாரம், தண்ணீர் மாதிரி இருக்கும்மா என்றது, உள்ளே ஆள் இல்லை என்றது. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

"அந்த வடக்குப் பாதிக்கு மட்டும் போடாதீங்கக்கா. பிள்ளை பிறக்கிற வரைக்கும். பாசி நானே வந்து வாரிப் போடுறேன். வாரத்துக்கு ஒரு கூடை பழம் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

டே யின் சுருட்டைப் பலகையில் தேய்த்து அணைத்தாள்.

"நான் வாங்கின பாத்தியில நான் என்ன போடணும்னு நீ சொல்றே."

"ஆமாக்கா."

"நல்ல துணிச்சல்தான். ஏறி வா, முதல்ல சாப்பிடு. பட்டினியா வந்திருப்பே."

மஞ்சள் போட்டு, தக்காளியும் மீனும் சேர்த்துப் பிசைந்த சோறு. உருண்டை பிடித்து, மேலே பூண்டு எண்ணெய் ஊற்றித் தந்தாள். சான் மே தின்னத் தின்ன அவள் எதிரே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கே பாரு. நீ சொல்றதை நான் முழுசா நம்பலை. கர்ப்பிணி நாக்கு ஆயிரம் சொல்லும். ஒரே பாத்தி, ஒரே விதை, ஒரே தண்ணி. பாதியில மூட்டை, பாதியில பாசி. இதைவிட நல்ல பரீட்சை எங்கே கிடைக்கும்? ரெண்டு கூடை தர்றேன். பிள்ளைகிட்ட எது எதுன்னு சொல்லக்கூடாது. நீ கொடுத்தா கண்ணைக் காட்டிடுவே. உன் புருஷனைக் கொடுக்கச் சொல்லு. மூட்டைக்குத்தான் அவன் சொந்தக்காரன். அவ நாக்கு வித்தியாசம் சொல்லுச்சுன்னா அவனே வந்து என்கிட்டச் சொல்லணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ள அவன் வரலைன்னா, மறுநாள் மூட்டையைப் பிரிப்பேன்."

சான் மே கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தாள். ஞோ டூன் வருவாரா?

*

ஞோ டூன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இரண்டு கூடையையும் வாங்கித் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தார். எந்தக் கூடை எது என்று சான் மே அவர் காதில் மட்டும் சொன்னாள். பிறகு அவரே அவளை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

அவள் கதவிடுக்கில் பார்த்தாள். வேறென்ன செய்வாள்?

முதலில் உரம் போட்ட கூடையிலிருந்து ஒரு பழத்தைக் கழுவித் துடைத்து மகளிடம் நீட்டினார். தீரி கடித்தாள். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பாதியில் கையில் வைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு பாரு" என்று அடுத்த கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தீரி கடித்தாள். கண்ணை மூடினாள். அந்தப் பழம் நான்கு கடியில் முடிந்தது. சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. கேட்காமலே கூடைக்குக் கையை விட்டு இன்னொன்று எடுத்தாள். பிறகு இன்னொன்று. நான்காவதைத் தின்றுகொண்டே, "அப்பா, சோறு இருக்கா?" என்றாள்.

ஞோ டூன் எழுந்த வேகத்தில் தலை கூரைக் கம்பில் இடித்தது.

சோறு, அதோடு தக்காளி, பிறகு மாத்திரை. சான் மே மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீரி ஜன்னலுக்கு ஓடவில்லை. சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூக்கத்தில் லேசாகக் குறட்டைகூட விட்டாள். அந்தக் குறட்டையைக் கேட்டதற்காக அன்றைக்கு சான் மே எத்தனை முறை கை கூப்பினாள் என்று புத்தருக்குத்தான் தெரியும்.

வெளியே வந்தபோது படியில் படகு இல்லை. ஞோ டூனும் இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார். அந்த ஏரிக்காரர்கள் வழக்கப்படி காலால் துடுப்புப் போட்டு வந்தவர், துடுப்பில் சுற்றியிருந்த காலைப் பிரித்து, உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"எங்கே போனீங்க?"

"தெக்கே."

"என்ன சொன்னீங்க?"

"நடந்ததைச் சொன்னேன்."

"அந்தக்கா என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. முப்பது வருஷமா தக்காளி போடுறே, அதுக்கு உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்க உனக்குப் பேரப்பிள்ளை வர வேண்டியிருக்குன்னாங்க." காலைத் தேய்த்தபடியே, "சரியாத்தானே சொல்றாங்க" என்றார்.

சான் மேக்கு அந்த மனுஷன் மேல் அந்த நிமிஷம் வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. இடித்த தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

*

அடுத்த நாலு வாரமும் அஞ்சாம் நாள் சந்தைப் படகில் தெற்கிலிருந்து ஒரு கூடை வந்தது. போகும்போது கூடையில் எதையாவது வைத்து அனுப்பினாள் சான் மே. ஒரு தரம் பொரித்த தோஃபு, ஒரு தரம் பூண்டு ஊறுகாய். வாரத்தில் ஒரு நாள் அவளும் ஞோ டூனும் போய் அந்த வடக்குப் பாதிக்குப் பாசி வாரிப் போட்டார்கள். மனுஷன் பாசி வாரிப் பத்து வருஷம் இருக்கும். முதல் நாள் கழியைத் திரித்துத் தூக்கத் தெரியாமல் பொதியோடு தண்ணீரில் விழுந்தார். டே யின் அக்கா பலகையில் உட்கார்ந்து, "மூட்டை தேடுறியா? அது கீழே இல்லைப்பா, கடையில இருக்கு" என்று சத்தம் போட்டாள். இரண்டாம் வாரம் கை பழகிவிட்டது. படகு விளிம்பு தண்ணீரைத் தொடுகிற மட்டும் ஏற்றினார்.

வீட்டிலும் ஒரு வேலை செய்தார். மூன்றாம் பாத்திக்கு உரத்தை நிறுத்திவிட்டுப் பாசியும் சாம்பலும் போட ஆரம்பித்தார். அதில் கம்பெனிச் செடியும் இருந்தது, சான் மேயின் நாட்டு விதை வரிசையும் இருந்தது. மாதக் கடைசியில் இரண்டிலும் ஒவ்வொன்று பறித்து வந்து தீரியின் முன்னால் வைத்தார்.

"சொல்லு."

தீரி நாட்டுப் பழத்தைத் தின்றுவிட்டு, "ஆள் திரும்பி வந்துட்டாருப்பா" என்றாள். கம்பெனிப் பழத்தைத் தின்றுவிட்டு யோசித்தாள். "இந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் ரோஷம் வந்திருக்கு. ஆனா அம்மா பழம் அளவுக்கு இல்லை."

"அப்போ விதையிலயும் இருக்கு, சாப்பாட்டுலயும் இருக்கு" என்றார் ஞோ டூன்.

"அதைத்தானே பதினைஞ்சு வருஷமா சொல்றேன்" என்றாள் சான் மே.

"நீ எங்கே சொன்னே? வாசல்ல ஒரு பாத்தியை வெச்சுக்கிட்டு முறைச்சே."

மீதிப் பத்துப் பாத்திக்கும் உடனே உரத்தை நிறுத்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். லாரிக்காரன் வரிப்பழத்தை ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். ஆனால் வீசுகிற கை குறைந்தது, பாசிப் படகு கூடியது. வாத்துகள் மட்டும் பழைய இடத்தை விடவில்லை.

நாலாம் வாரம் நர்ஸம்மா படகில் வந்து தீரியின் விரலில் குத்திப் பார்த்தாள். எண்ணைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தாள். "ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. என்ன கொடுத்தீங்க?"

"தக்காளி" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

நர்ஸம்மா சிரித்தாள். "தக்காளி ரத்தமா மாறிடாது. சோறு தங்கிச்சு, மாத்திரை தங்கிச்சு. அதோட, இந்த மாதிரி புளிப்புப் பழம் சேர்ந்தா மாத்திரை உடம்புல நல்லாப் பிடிக்கும். எது எப்படியோ, அந்தப் பழத்தை நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்கு ரத்தம் தேடி ஓட வேண்டாம். நேரம் வந்ததும் என்னைக் கூப்பிடுங்க."

அவளை வழியனுப்பிவிட்டு சான் மே சமையல்கட்டில் போய் நின்றாள். பின்கதவைத் திறந்து, காலித் தண்ணீரைப் பார்த்து, தெற்குத் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

*

தை முடிகிற குளிரில் தீரிக்குப் பெண் பிறந்தது. இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருந்தாள். அழுத அழுகையில் எதிர்வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வந்து பிள்ளையைக் கையில் வாங்கத் தெரியாமல் நின்றான்.

அந்த வாரமே ஞோ டூன் ஆள் சேர்த்துக் கிழட்டுப் பாத்தியைத் தெற்குக்கு இழுத்துப்போய்க் குத்திவிட்டு வந்தார். விற்றது அதுதானே. சான் மேயின் பாத்தியைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அவங்க வாசல்லயே இருக்கட்டும். நம்ம பிள்ளைக்குச் சோறு போட்ட பாத்தி, அவங்களுக்கும் போடட்டும்" என்று சான் மேயே சொல்லியிருந்தாள். சொல்லும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பிள்ளை பிறந்து ஏழாம் நாள். சான் மே குழந்தைத் துணியை அலச வாளியோடு பின்கதவைத் திறந்தாள். பனிக்குள்ளிருந்து மோட்டார்ச் சத்தம் வந்தது. பிறகு மூன்று படகு வந்தது. பிறகு, படகுகளுக்குப் பின்னால், தண்ணீர் மேல் ஒரு தோட்டம் மெதுவாக நடந்து வந்தது. முன்னால் ஒரு கழி, அதில் அவளுடைய சிவப்புத் தலைத்துணி. துவைத்து மடிப்பு எடுத்துக் கட்டியிருந்தது.

வாத்துகள் மறுபடியும் பறந்தன.

"பாதிதான் இருக்கு" என்றார் அவள் பின்னால் வந்து நின்ற ஞோ டூன்.

ஆமாம், பாதிதான். ஒரு முனை புதிதாக ரம்பம் போட்டு அறுத்த முனை. வெட்டுப்பட்ட வேர்கள் தாடிபோலத் தண்ணீரில் தொங்கின.

படகுக்காரன் கயிற்றை வீசிவிட்டுச் சொன்னான். "அக்கா நேத்து முழுக்க நின்னு அறுக்கச் சொன்னாங்க. பாதி உங்களுக்கு, பாதி அவங்களுக்கு. முழுசா அனுப்பலைன்னு கோவிச்சுக்க வேணாமாம். அவங்களுக்கும் தக்காளி தின்னப் பிடிக்குமாம்."

சான் மே பாத்தியைப் பார்த்தாள். வெளிர்ப் பச்சை இலை. சின்னதாக, கோணலாக, வரிவரியாகப் பழம். மேலே காய்ந்து கிடந்தது அவள் கையால் வாரிப் போட்ட பாசி. விரலால் மண்ணைக் கீறினாள். வெள்ளைக் குருணை ஒன்றுகூட இல்லை. வடக்குப் பாதி. டே யின் தன் உரம் போட்ட பாதியை வைத்துக்கொண்டு, உரம் படாத பாதியை அனுப்பியிருந்தாள்.

ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தாள். புளிப்பு, இனிப்பு, கடைசியில் உப்பு. இந்த உப்பு பழத்திலிருந்து வந்ததா கண்ணிலிருந்து வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வாளியையும் துணியையும் விட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே பேத்தியும் அந்தப் பாட்டில் சேர்ந்துகொண்டாள்.

ஞோ டூன் கழிகளைச் சேற்றில் குத்திப் பாத்தியைப் பழைய இடத்தில் நிறுத்தினார். அறுபட்ட முனையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மே, இந்தப் பக்கத்துல பாசியும் நீர்ப்பூண்டும் போட்டுக் கட்டினா ரெண்டு வருஷத்துல பழைய நீளம் வந்திடும். ஒட்டிடவா?"

சான் மே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம். வெட்டின முனை அப்படியே இருக்கட்டும். மீதிப் பாதி எங்கே இருக்குன்னு இந்தப் பிள்ளை வளர்ந்ததும் கேக்கணும். படகுல வெச்சுக் கூட்டிட்டுப் போய் டே யின் அக்காவைக் காட்டணும்."